பால சண்முகானந்த சபா: பள்ளியும் தொழிலுமாக இருந்த ஒரு நாடகக் கம்பெனி

1925 மார்ச் 31 அன்று திருவனந்தபுரத்தில் 'மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபா' என்ற புதிய நாடகக் கம்பெனி தன் முதல் நாடகத்தை அரங்கேற்றியது. அதன் உரிமையாளர்கள் நான்கு சகோதரர்கள்: டி.கே. சங்கரன், டி.கே. முத்துசாமி, டி.கே. சண்முகம், டி.கே. பகவதி. மூன்றாமவரான சண்முகம் 1912 ஏப்ரல் 26இல் பிறந்தவர். அன்றைக்கு அவருக்குப் பதின்மூன்று வயது நிறைய இன்னும் ஒரு மாதம் பாக்கி இருந்தது. ஏழாண்டுகளுக்கு முன் வேறொரு கம்பெனியில் மாணவர்களாகச் சேர்ந்து, பாடம் கேட்டு, வேடம் கட்டிக் கூலி வாங்கிய பிள்ளைகள், வளர்ந்து முடிவதற்கு முன்பே முதலாளிகளாகிவிட்டார்கள். தமிழ் நாடக வரலாற்றில் 'டி.கே.எஸ். சகோதரர்கள்' என்ற பெயர் நிலைத்ததற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. இந்த நிகழ்வை ஆய்வுக்கு உரியதாக்குவது, பயிற்சி பெற்றவர்களே பயிற்சிக்கூடத்தை ஏற்று நடத்தினார்கள் என்பதே.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் தமிழகத்தில், சிறுவர்களை நடிகர்களாகக் கொண்டு நடந்த, 'பாய்ஸ் கம்பெனி' எனப்பட்ட அமைப்புகள் பல இருந்தன. எம்.ஜி. ராமச்சந்திரனும் அவருடைய அண்ணன் சக்கரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தார்கள். எம்.ஆர். ராதா ஜெகந்நாதையர் கம்பெனியிலும், சிவாஜி கணேசன் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியிலும், எம்.என். நம்பியார் நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால வினோத சங்கீத சபாவிலும் தொழில் கற்றவர்கள். தமிழ்த் திரையின் முதல் இரு தலைமுறை நடிகர்களில் பெரும்பகுதியினர் இந்தக் கம்பெனி வீடுகளிலிருந்து வந்தவர்கள் என்பது பலரும் அறிந்த செய்திதான். ஆனால் அந்தக் கம்பெனிகள் பிள்ளைகளுக்கு எதை, எவ்வாறு, எதற்காகக் கற்றுக்கொடுத்தன என்பது குறைவாகவே ஆராயப்பட்டிருக்கிறது. இந்தக் கட்டுரை ஒரே ஒரு கம்பெனியின் வழியாக அந்தக் கேள்வியை அணுகுகிறது.

சுவாமிகளின் சபை

பால சண்முகானந்த சபாவின் வரலாற்றை அதன் தொடக்க நாளிலிருந்து சொல்ல முடியாது; சங்கரதாஸ் சுவாமிகளிடமிருந்துதான் சொல்ல வேண்டும். 1867இல் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சுவாமிகள், பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் பயின்றவர். உப்புப் பண்டகசாலையில் கணக்கராகச் சில காலம் வேலை பார்த்தவர். பின்னர் நாடகத்துக்கு வந்து எமன், சனீஸ்வரன், இராவணன், இரணியன் போன்ற கடுமையான வேடங்களைக் கட்டியவர். ஒருமுறை சனீஸ்வரன் வேடம் முடிந்து விடியற்காலையில் வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குப் போனபோது, எதிரே வந்த பெண் ஒருவர் அந்தக் கோலத்தைக் கண்டு அதிர்ந்து உயிரிழந்தார் என்றும், அதன் பிறகே சுவாமிகள் வேடம் கட்டுவதை விட்டு ஆசிரியப் பணிக்குத் திரும்பினார் என்றும் நாடகக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அந்தக் கதை எப்படியிருந்தாலும், அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதும் எழுதுவதிலும் கற்பிப்பதிலும் கழிந்தது என்பதில் ஐயமில்லை. 1910இல் அவர் தொடங்கிய சமரச சன்மார்க்க நாடக சபையில்தான் எஸ்.ஜி. கிட்டப்பா போன்ற பெரும் பாடகர் பயின்றார். 1918இல் மதுரையில் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' அமைந்தபோது, சகோதரர்களின் தந்தை கண்ணுசாமிப் பிள்ளை தம் மூத்த மகன்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தார். அவரும் ஸ்திரீபார்ட் எனப்பட்ட பெண் வேடம் போட்டுப் பெயரெடுத்த நடிகரே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது.

சிறுவர்களை வைத்து ஒரு கம்பெனி ஏன் நடத்த வேண்டியிருந்தது என்பதற்கு அன்றைய நாடகச் சூழலையே பார்க்க வேண்டும். அப்போது செல்வாக்கோடு நடந்துகொண்டிருந்தவை ஸ்பெஷல் நாடகங்கள். ராஜபார்ட் எனப்பட்ட கதாநாயக நடிகர் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூன் மூன்றாவதோர் ஊரிலிருந்தும் வந்து, ஒத்திகை எதுவும் இல்லாமல் அன்றிரவே மேடையேறுவார்கள். ஒருவரை ஒருவர் பாட்டாலும் தர்க்கத்தாலும் மடக்குவதையே ரசிகர்கள் எதிர்பார்த்தார்கள். அந்த மரபில் வியக்கத்தக்க திறமைகள் இருந்தன. ஆனால் எழுதப்பட்ட நாடகம் எழுதப்பட்டபடி நடக்கும் என்பதற்கு அங்கே உறுதி இல்லை. புகழும் பணமும் பெற்ற பெரிய நடிகரை ஓர் ஆசிரியர் கட்டுப்படுத்த இயலாது. பத்து வயதுப் பையனைக் கட்டுப்படுத்தலாம். சுவாமிகள் எழுதிய வசனமும் பாட்டும் வரி பிசகாமல் அவன் நாவில் ஏறும். மேடையில் எங்கே நிற்க வேண்டும், யார் முடித்த பிறகு யார் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு மீற முடியாத விதிகளாக இருக்கும். இளையோர் நாடகம் என்ற கருத்து தமிழ்நாட்டில் கல்வி நோக்கத்திலிருந்து பிறக்கவில்லை. நாடகப் பிரதியின் ஒழுங்கைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசிரியரின் தேவையிலிருந்து பிறந்தது என்பதே இதிலிருந்து நான் அடையும் முடிவு.

நாடகங்களின் தேர்விலும் இந்தத் தேவை தெரிகிறது. பிரகலாதன், லவகுசா, சிறுத்தொண்டர் ஆகிய கதைகளில் ஒரு சிறுவன் கதையின் நடுவில் நிற்கிறான். இரணியனின் முன் பேசும் பிரகலாதனை ஒரு சிறுவனே நடிக்கும்போது, வளர்ந்த நடிகர் நடித்தால் கிடைக்காத ஒரு மெய்ம்மை தானாக வந்துவிடுகிறது. சிறுவன் சண்முகத்துக்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் புகழ்பெற்ற செய்தி. எழுதிய வேகத்தை எல்லோரும் வியப்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஒரு குறிப்பிட்ட மாணவனின் வயதையும் குரலையும் உடலையும் மனத்தில் வைத்து ஆசிரியர் ஒரு முழு நாடகத்தையே எழுதினார் என்பது. போர்க்களத்துக்குப் போகும் அபிமன்யுவே சிறுவன்தான். வேடமும் வேடதாரியும் ஒரே வயதினர்.

பாடம் நடந்த முறை

கம்பெனியில் சேரும் பையனுக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பார்கள். உணவு, உடை, தங்குமிடம் ஆகியவை கம்பெனியின் பொறுப்பு. ஒரு சிறு சம்பளமும் உண்டு. எல்லோரும் கம்பெனி வீட்டில் ஒன்றாகத் தங்குவார்கள். காலையில் குரல் சாதகம்; பிறகு வாத்தியார் வசனத்தையும் பாட்டையும் சொல்லச் சொல்ல, பையன்கள் திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்வார்கள். பெரும்பாலோர்க்கு எழுத்தறிவே அந்தப் பாடத்தின் வழியாகத்தான் வந்தது. மாலையில் கொட்டகைக்குப் போனால், அக்காலத்துப் புராண நாடகம் விடியும்வரை நடக்கும். பகல் தூக்கமே அவர்களுக்கு இரவுத் தூக்கம்.

இந்த முறையில் கவனிக்க வேண்டிய கூறு, பயிற்சிக்கும் நிகழ்ச்சிக்கும் இடையே எல்லை இல்லாதிருந்தது. ஓராண்டு பயின்று பிறகு மேடையேறுவது என்ற திட்டம் அங்கே கிடையாது. சேர்ந்த சில நாட்களிலேயே கூட்டத்தில் ஒருவனாகவோ, தோழியாகவோ, தேவர்களில் ஒருவராகவோ பையன் மேடைக்குப் போய்விடுவான். பக்கத் தட்டியின் மறைவில் நின்று பெரிய பையன்களின் நடிப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பான். ராஜபார்ட் போடுபவனுக்குக் காய்ச்சல் வந்தாலோ, யாரேனும் இரவோடிரவாக ஊருக்கு ஓடிப்போனாலோ, அன்று மாலையே இன்னொருவன் அந்த வேடத்தைப் போட்டாக வேண்டும். எனவே தன் பாடத்தோடு மற்றவர்களின் பாடமும் ஒவ்வொரு பையனுக்கும் தெரிந்திருக்கும். நாகர்கோவிலிலிருந்து இந்தக் கம்பெனிக்கு வந்து சேர்ந்த என்.எஸ். கிருஷ்ணன் பிற்காலத்தில் எந்தச் சூழலிலும் தடுமாறாத நகைச்சுவை நடிகராக விளங்கியதற்கு, பலருடைய வேடங்களையும் ஏற்றுப் பழகிய இந்தப் பயிற்சியும் ஒரு காரணம் என்று துணிந்து சொல்லலாம்.

இந்தப் பயிற்சிக்குக் கொடுத்த விலையையும் மறைக்காமல் பதிவு செய்ய வேண்டும். வாத்தியார் கையில் பிரம்பு இருந்தது. பல கம்பெனிகளில் வளர்ந்தவர்கள் தங்கள் நினைவுகளில் அடியையும், அரை வயிற்றுச் சாப்பாட்டையும், சொறி சிரங்கையும், தாயைப் பிரிந்த ஏக்கத்தையும் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் படிப்பு என்பது அவர்களுக்கு இல்லாமலே போயிற்று. நமக்குக் கிடைக்கும் சான்றுகள் பெரும்பாலும் இந்த வாழ்க்கையில் வென்றவர்கள் எழுதியவை என்பதையும் மறந்துவிடக் கூடாது. பால சண்முகானந்த சபாவைப் பற்றி நாம் அறிந்தவற்றில் கணிசமான பகுதி அதன் உரிமையாளர்களில் ஒருவரான சண்முகம் தாமே எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து வருகிறது. அவர் நேர்மையான, நுணுக்கமான பதிவாளர். தமிழ் நாடகம் அவருக்குப் பெரிதும் கடன்பட்டிருக்கிறது. ஆயினும் ஓடிப்போன பையன்கள் யாரும் நூல் எழுதவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒவ்வொரு பையனையும் அச்சுறுத்திக்கொண்டிருந்தது மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும்போது, அதுவரை நான்கு கட்டையில் பாடிக் கைதட்டல் வாங்கியவன் ஒரே மாதத்தில் பாட முடியாதவனாகிவிடுவான். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும் குரலே நடிகனின் முதலீடு. குரல் போனவனைச் சில கம்பெனிகள் சிறு வேடங்களில் வைத்துக் காப்பாற்றின. சில, வீட்டுக்கு அனுப்பிவிட்டன. நகைச்சுவை, வில்லன் வேடங்களுக்குப் போய்ப் பிழைத்தவர்கள் உண்டு. இளையோர் நாடகக் கம்பெனி ஒன்றின் அடிப்படைச் சிக்கல் இதுதான்: அதன் மூலதனம் பிள்ளைப் பருவம், அந்த மூலதனம் தானாகவே தேய்ந்துவிடும்.

மாணவர்கள் முதலாளிகள் ஆனது

1921ஐ ஒட்டிய காலத்தில் சுவாமிகள் பக்கவாதத்தால் தாக்கப்பட்டுப் பேச்சையும் கைகால்களின் இயக்கத்தையும் இழந்தார். வாய்மொழியாகவே பாடம் நடந்த ஒரு சபையில் ஆசிரியரின் நா அடங்கிப்போவது என்ன பொருள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவரைத் தம்முடனே வைத்துக்கொண்டு சபை ஊர் ஊராகச் சென்றது. 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் அவர் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் நவம்பரில் நாடகக் கலைஞர்கள் அங்கே சென்று அஞ்சலி செலுத்துகிறார்கள்.

ஆசிரியர் மறைந்த பின் சகோதரர்கள் வேறு ஏற்பாடுகளில் சில காலம் இருந்துவிட்டு, 1925இல் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். தொடங்கிய ஊர் திருவனந்தபுரம். அது அவர்களுடைய சொந்த ஊர். ஆனால் பெயரில் 'மதுரை' முன்னால் நின்றது. அக்காலத்தில் நாடகக் கம்பெனிக்கு மதுரை என்ற முன்னொட்டு ஒரு முத்திரை போன்றது. சங்கரதாஸ் சுவாமிகளின் பாட முறை, நல்ல தமிழ், தேர்ந்த பாட்டு ஆகியவற்றை ரசிகர்களுக்கு அது உறுதி சொல்லிற்று.

சகோதரர்கள் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம் கம்பெனி நீடித்ததற்கு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன். கம்பெனியில் 'பெரியண்ணா' என்று அழைக்கப்பட்ட சங்கரன் நிர்வாகத்தைக் கவனித்தார். 'சின்னண்ணா' முத்துசாமி நாடகம் எழுதுவதையும் பயிற்றுவிப்பதையும் மேற்கொண்டார். சண்முகமும் பகவதியும் மேடையின் முன்னணி நடிகர்கள். கணக்குப் பார்ப்பவரும், பாடம் சொல்பவரும், வேடம் கட்டுபவரும் ஒரே சமையலில் சாப்பிட்ட அண்ணன் தம்பிகளாக இருந்ததால், முதலாளிக்கும் நடிகனுக்கும் இடையில் மற்றக் கம்பெனிகளை உடைத்த பூசல் இங்கே அந்த அளவுக்குத் தலையெடுக்கவில்லை. தாங்களும் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர்கள் என்பதால், பையன்களின் நிலையை அவர்கள் உள்ளிருந்து அறிந்திருந்தார்கள்.

ஆனால் அவர்களும் வளர்ந்துகொண்டிருந்தார்கள். இந்தக் கம்பெனியின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் இது. பெயரில் 'பால' என்ற சொல் இருக்கிறது, உரிமையாளர்களே கதாநாயகர்கள், அவர்களுக்கு மீசை முளைத்துவிட்டது. மற்றக் கம்பெனி முதலாளிகள் வளர்ந்த பையனை அனுப்பிவிட்டுப் புதிய பையனைச் சேர்த்து அதே பிரகலாதனை மீண்டும் மீண்டும் நடத்த முடிந்தது. சகோதரர்கள் தங்களையே அனுப்பிவிட முடியாது. எனவே நடிகர்களின் வயதுக்கு ஏற்ப நாடகங்கள் மாற வேண்டியிருந்தது. தமிழ் மேடை புராணத்திலிருந்து சமூக நாடகத்துக்கு நகர்ந்ததற்குத் தேசிய இயக்கம், நாவல்களின் பெருக்கம், நகர ரசிகர்களின் மாற்றம் என்று பல காரணங்கள் உண்டு. இந்தக் கம்பெனியைப் பொறுத்தவரை, மேடையில் நின்ற பிள்ளைகள் வாலிபர்களானது அவற்றுக்குக் குறையாத காரணம்.

அந்த மாற்றத்துக்கு வழிகாட்டியவர் எம். கந்தசாமி முதலியார்; நடிகர் எம்.கே. ராதாவின் தந்தை. சென்னையில் 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையின் உரைநடை நாடகங்கள் படித்தவர்களிடையே ஏற்படுத்தியிருந்த புதிய ரசனையை, தொழில்முறைக் கம்பெனிகளுக்குள் கொண்டுவந்தவர்களில் அவர் முதன்மையானவர். ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் நாவல்கள் அவர் வழியாக நாடகங்களாயின. பாட்டுக்கு நடுவே வசனம் என்றிருந்த நிலை மாறி, வசனத்துக்கு நடுவே பாட்டு என்றாயிற்று. நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதும், சட்டை அணிந்த மனிதனாக மேடையில் நடப்பதும், எதிரில் இருப்பவர் பேசும்போது கேட்டுக்கொண்டிருப்பதும் புராண நாடகத்தில் பழகிய உடலுக்குப் புதிய பாடங்கள். சுவாமிகளிடம் நாவையும் செவியையும் பயின்றவர்கள், இரண்டாவது ஆசிரியரிடம் கண்ணையும் கையையும் பயின்றார்கள்.

வடுவூர் துரைசாமி ஐயங்காரின் மேனகா நாவல் இவர்களுடைய மேடையில் பெரும் வரவேற்புப் பெற்றது. வெ. சாமிநாத சர்மாவின் பாணபுரத்து வீரன் நாடகத்தை இவர்கள் 'தேசபக்தி' என்ற பெயரில் நடத்தினார்கள். நாடகங்களைத் தடை செய்யும் அதிகாரத்தை 1876ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு வழங்கியிருந்த காலத்தில், பல பையன்களின் சோற்றுக்கு வழிசெய்யும் ஒரு கம்பெனி அப்படிப்பட்ட நாடகத்தை எடுப்பது சாதாரணத் துணிவு அன்று. ஒரு வாரம் கொட்டகை மூடப்பட்டாலே அடுப்பெரியாது.

திரைப்படம் வந்த பிறகு

1931இல் தமிழ் பேசும் படம் வந்தது. கம்பெனிகளுக்கு முதலில் அது அச்சமாகத் தோன்றவில்லை, வாய்ப்பாகத்தான் தெரிந்தது. பேசவும் பாடவும் தெரிந்த நடிகர்கள் படக்காரர்களுக்குத் தேவைப்பட்டார்கள். அவர்கள் கூட்டமாக இருந்த இடம் நாடகக் கம்பெனி. 1935இல் மேனகா படமானபோது ராஜா சாண்டோ இயக்கினார். சகோதரர்களும் அவர்களுடைய குழுவினரும் நடித்தார்கள். என்.எஸ். கிருஷ்ணன் திரையில் அறிமுகமானதும் அந்தப் படத்தில்தான். மேடையில் பல முறை நடித்துத் தேர்ந்த நாடகத்தை அப்படியே கேமராவின் முன் வைத்த அந்த முறை சில ஆண்டுகள் பலன் தந்தது. வங்க எழுத்தாளர் நிருபமா தேவியின் நாவலைத் தழுவி முத்துசாமி எழுதிய குமாஸ்தாவின் பெண், ஏழைக் குமாஸ்தா வீட்டின் வறுமையையும் கல்யாணக் கவலையையும் மேடையில் காட்டிப் பார்ப்பவர்களைக் கலங்கவைத்தது; 1941இல் அதுவும் படமாயிற்று.

இழப்பு மெதுவாகத் தெரிந்தது. பயிற்சிக்கான செலவு முழுவதும் கம்பெனியுடையது. பயிற்சியின் பயன் முழுவதும் படத்துறைக்குப் போயிற்று. ஒரு பையனைச் சேர்த்து, சோறிட்டு, பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்து, மேடையில் நிற்கத் தகுதியாக்க ஆண்டுக்கணக்கில் ஆகும்; அவன் தேர்ந்து வந்ததும் ஒரு படக் கம்பெனியின் அழைப்பு வரும். கம்பெனி மாதம் முழுவதற்கும் தரக்கூடிய தொகையை அங்கே சில நாள் வேலைக்குத் தருவார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. என்.எஸ். கிருஷ்ணன், கே.ஆர். ராமசாமி, எஸ்.வி. சகஸ்ரநாமம், ஏ.பி. நாகராஜன், எஸ்.எஸ். ராஜேந்திரன் என்று இந்தக் கம்பெனியின் மேடையில் நின்று பிறகு வெளியேறியவர்களின் பெயர்களைச் சேர்த்துப் பார்த்தால், தமிழ்த் திரையின் கால் நூற்றாண்டு வரலாறு கிடைத்துவிடும். இவர்களில் சிலர் நாடகத்தை விட்டுவிடவும் இல்லை. சகஸ்ரநாமம் சேவா ஸ்டேஜை நிறுவினார், கே.ஆர். ராமசாமி கிருஷ்ணன் நாடக சபா நடத்தி அண்ணாதுரையின் வேலைக்காரியை மேடையேற்றினார். ஒரு கம்பெனி உடைந்து மூன்று கம்பெனிகள் பிறந்தன என்று இதை மகிழ்ச்சியோடு பார்க்கலாம். ஆனால் பிறந்தவை நடிகர்களின் குழுக்கள். ஆறு வயதுப் பையனைச் சேர்த்துப் பாடம் சொல்லும் வீடுகள் அல்ல.

இந்தச் சரிவுக்கு நடுவில்தான் கம்பெனியின் மிகச் சிறந்த படைப்பு வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. பி. எதிராஜுலு எழுதிய ஔவையார் நாடகம் 1942இல் அரங்கேறியது. முப்பது வயதுச் சண்முகம், முதுமை அடைந்த ஔவையாக மேடைக்கு வந்தார். கூனிய முதுகோடும் தளர்ந்த நடையோடும் குழந்தைகளிடம் குழைந்தும் மன்னர்களிடம் நிமிர்ந்தும் பேசிய அந்த வேடம், அவருடைய பெயருக்கு முன்னால் 'ஔவை' என்ற அடைமொழியைக் காலத்துக்கும் ஒட்டிவிட்டது. பாய்ஸ் கம்பெனியில் ஆண் பிள்ளைகளே பெண் வேடம் கட்டியது தேவையால் வந்த வழக்கம். பெண்கள் மேடைக்கு வரத் தொடங்கிய பிறகு அந்தத் தேவை போய்விட்டது. தந்தை கண்ணுசாமிப் பிள்ளையின் ஸ்திரீபார்ட் மரபு, அது மறையப்போகும் வேளையில், மகனிடத்தில் காதலியோ அரசியோ இல்லாத, அறம் சொல்லும் ஒரு மூதாட்டியின் உருவத்தில் வந்து நின்றது. அந்த வேடத்தில் அழகையும் இளமையையும் காட்டுவதற்கு இடமே இல்லை. பயிற்சி மட்டுமே கைகொடுக்கும்.

1944 பிப்ரவரியில் ஈரோட்டில் சகோதரர்களின் முயற்சியால் நாடகக் கலை மாநாடு ஒன்று கூடியது. நாடகக்காரன் என்றால் வீடு வாடகைக்குக் கிடைக்காது, பெண் கொடுக்க மாட்டார்கள் என்றிருந்த காலத்தில், புலவர்களும் அரசியல் தலைவர்களும் எழுத்தாளர்களும் நாடகக் கலையைப் பற்றிப் பேச ஒரே பந்தலில் அமர்ந்தார்கள். பசியோடு ஊர் ஊராகத் திரிந்த ஒரு கூட்டம் தன்னைக் கலைஞர்கள் என்று அறிவித்துக்கொண்ட நாள் அது என்று சொல்வது மிகையாகாது.

கம்பெனி வீடு மறைந்தது

விடுதலைக்குப் பின் வந்த ஆண்டுகளில் ஊர் ஊராக முகாமிட்டு மாதக் கணக்கில் நாடகம் நடத்தும் முறை தளர்ந்தது. நாடகக் கொட்டகைகள் திரைப்படக் கொட்டகைகளாகிவிட்டன. லாரி லாரியாகச் சீன்களையும் படுதாக்களையும் பெட்டிகளையும் ஏற்றி இறக்கும் செலவும், பெருங்கூட்டத்துக்கு நாள்தோறும் உலை வைக்கும் செலவும் வசூலை மீறின. குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் ஏழைக் குடும்பங்களிலும் வேரூன்றியது. ஆறு வயதுப் பையனை நாடகக் கம்பெனிக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கும் பெற்றோர் அரிதானார்கள். இந்தக் கடைசிக் காரணத்துக்காக நாம் வருந்தக் கூடாது என்றே நினைக்கிறேன். ஒரு கலையின் பயிற்சிக்காகப் பிள்ளைகளின் படிப்பைப் பலியிட்ட ஏற்பாடு மறைந்தது நியாயமே. அந்த ஏற்பாட்டுக்குள் இருந்த நல்ல கூறுகளான செவிவழிப் பாடத்தையும், முழு நாடகத்தையும் எல்லோரும் அறிந்திருக்கும் பழக்கத்தையும், சிறியவன் பெரியவனைப் பார்த்து நாள்தோறும் கற்கும் வாய்ப்பையும் பள்ளிக்கூடத்தின் பக்கத்தில் எங்கேனும் வைத்துக் காப்பாற்ற யாரும் முன்வரவில்லை என்பதற்காகத்தான் வருந்த வேண்டும். அரசும் செய்யவில்லை, இந்தப் பயிற்சியால் வளர்ந்த படத்துறையும் செய்யவில்லை.

1950களில் சகோதரர்கள் சென்னையை மையமாகக் கொண்டு டி.கே.எஸ். நாடகக் குழுவாக இயங்கினார்கள். 1955இல் அரங்கேறிய அரு. ராமநாதனின் ராஜராஜ சோழன் அந்தக் காலகட்டத்தின் பெரும் வெற்றி. சண்முகம் நாடகக் கலையைப் பற்றி உரை நிகழ்த்தினார், நூல்கள் எழுதினார், சுவாமிகளை 'தமிழ் நாடகத் தலைமையாசிரியர்' என்று பெயரிட்டு அவருடைய வரலாற்றை எழுதிப் பதிவு செய்தார். வாய்மொழியாகவே இருந்த ஒரு பயிற்சி மரபில் எழுத்தில் நமக்குக் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி அவர் கையால் வந்தது. 1960களில், திரைப்படங்களில் குழந்தை நட்சத்திரமாக நடித்து முடித்திருந்த கமல்ஹாசன் சிறுவனாக இந்தக் குழுவில் சேர்ந்து பயின்றார். அவர் பெண் வேடம் ஏற்று 1996இல் வெளிவந்த படத்துக்கு அவ்வை சண்முகி என்று பெயர் வைக்கப்பட்டது.

சண்முகம் 1973 பிப்ரவரி 15 அன்று காலமானார். அதே ஆண்டில் ராஜராஜ சோழன், தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாகத் திரைக்கு வந்தது. மேடையில் பகவதி ஏற்றிருந்த மன்னன் வேடத்தில் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில் வளர்ந்த சிவாஜி கணேசன் நடித்தார். படத்தை இயக்கிய ஏ.பி. நாகராஜன், பால சண்முகானந்த சபாவின் மேடையில் ஸ்திரீபார்ட் போட்டு வளர்ந்த பையன்களில் ஒருவர்.